கடல் கடந்து கச்சேரிக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மனத்துக்குப் பிடித்த பாடகரையோ இசைக்குழுவையோ நேரில் கேட்பதற்காக வேறொரு நாட்டுக்குப் பயணப்படுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் பக்கத்து நாட்டுக்கு வந்து ஆறு நாள் பாடுகிறார்கள், எங்கள் நாட்டில் ஒரு நாள்கூடப் பாடாமல் திரும்பிவிடுகிறார்கள். எங்களிடம் ரசிகர்கள் குறைவு என்று நினைக்கிறார்களா?

பதில்: ரசிகர்களின் எண்ணிக்கை பல காரணங்களில் ஒன்று, பெரும்பாலும் அது முதல் காரணமாகவும் இருப்பதில்லை. பெரிய அரங்குகளில் நடக்கும் இசைப்பயணத்தில் மேடை, திரைகள், விளக்குகள், ஒலிக்கருவிகள் எல்லாம் கப்பலிலும் சரக்கு விமானத்திலும் கூடவே வருகின்றன. அவற்றை இறக்கி மேடையை எழுப்பப் பல நாட்கள் ஆகும். ஒருமுறை எழுப்பிய மேடையில் ஆறு இரவுகள் பாடுவது, ஆறு நாடுகளில் ஒவ்வோர் இரவு பாடுவதைவிடச் செலவு மிகக் குறைந்த வழி. ஐம்பதாயிரம் பேரைக் கொள்ளக்கூடிய, மழை பெய்தாலும் நிகழ்ச்சி தடைப்படாத கூரையுள்ள அரங்கம் எல்லா நாடுகளிலும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு அரசாங்கங்களின் பணமும் சேர்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் சிங்கப்பூர் தேசிய அரங்கில் ஆறு நிகழ்ச்சிகள் நடத்தினார். அந்த இசைப்பயணத்தில் தென்கிழக்காசியாவில் அவர் பாடிய ஒரே இடம் அதுதான். அதற்கு முந்தைய மாதம், அப்போதைய தாய்லாந்துப் பிரதமர் ஸ்ரெத்தா தவிசின், வட்டாரத்தில் வேறெங்கும் பாடக்கூடாது என்ற நிபந்தனையுடன் ஒரு நிகழ்ச்சிக்கு 20 முதல் 30 லட்சம் அமெரிக்க டாலர் வரை சிங்கப்பூர் கொடுத்ததாகத் தாம் கேள்விப்பட்டதைப் பொதுமேடையில் சொன்னார். பிலிப்பீன்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் நல்ல அண்டை நாடு செய்யும் காரியமா இது என்று குறைப்பட்டார். சிங்கப்பூர்த் தரப்பு, தொகை அவ்வளவு பெரியதல்ல என்று மறுத்ததே தவிர, உண்மையான தொகையை வெளியிடவில்லை. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் மெல்பர்னில் செய்தியாளர்களிடம், ஊக்கத்தொகை கொடுக்கப்பட்டது உண்மை என்றும், அதை நட்புக்கு மாறான செயலாகத் தாம் கருதவில்லை என்றும் கூறினார்.

என் கருத்தில், இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கு அதிகம் இல்லை. வெளிநாட்டு ரசிகர் டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணம் பாடகருக்கும் அமைப்பாளருக்கும் போகிறது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் கடைத்தெருவிலும் அவர் செலவழிப்பது அந்த ஊரில் தங்குகிறது. அந்தக் கணக்குப் போட்டுத்தான் அரசாங்கங்கள் பாடகர்களை அழைக்கின்றன. உங்கள் நாட்டுக்கு அவர் வராததற்குக் காரணம் தேடினால், ரசிகர்களை எண்ணுவதைவிட அரங்கத்தையும் அனுமதி நடைமுறையையும் வரிவிதிப்பையும் பார்ப்பது பயன் தரும்.

கேள்வி: பாட்டுக் கேட்க நாடு விட்டு நாடு போவது இந்தத் தலைமுறையின் ஆடம்பரம் என்கிறார் என் தாத்தா. உண்மையா?

பதில்: தாத்தாவிடம் பைராய்ட் நகரைப் பற்றிச் சொல்லுங்கள். 1876 ஆகஸ்டில், ஜெர்மனியின் அந்தச் சிற்றூரில் இசையமைப்பாளர் வாக்னர் தம் நான்கு பகுதி இசைநாடகத்தை முதன்முறையாக முழுமையாக அரங்கேற்றியபோது, ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ரசிகர்கள் ரயிலேறி வந்து குவிந்தார்கள். மாஸ்கோ பத்திரிகை ஒன்றுக்காகச் செய்தி எழுத வந்திருந்த ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கி, வந்தவர்களுக்கு இசையைவிடச் சாப்பாட்டைப் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது என்று எழுதினார்; அவ்வளவு கூட்டத்துக்கு உணவளிக்க ஊரில் வசதி இருக்கவில்லை. இன்றைய ரசிகர்கள் அரங்க வாசலில் ஒரு தண்ணீர்ப் புட்டிக்காக வரிசையில் நிற்கும்போது படும் பாடும் அதே வகையைச் சேர்ந்ததுதான். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு, இப்போது அப்படிப் பயணப்படுபவர்களில் மாதச் சம்பளக்காரர்களும் மாணவர்களும் பெருமளவில் இருக்கிறார்கள் என்பதுதான்.

கேள்வி: டிக்கெட், விமானம், ஹோட்டல் எல்லாம் பதிவு செய்துவிட்டேன். திடீரென்று நிகழ்ச்சி ரத்தானால் எதற்கெல்லாம் பணம் திரும்பக் கிடைக்கும்?

பதில்: டிக்கெட் பணம் திரும்பும், மற்றவை பெரும்பாலும் திரும்பா. டிக்கெட் வாங்கும்போது அமைப்பாளருடன் நீங்கள் செய்துகொள்வது ஓர் இருக்கைக்கான ஒப்பந்தம். நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை விமானம் மாறுகிறீர்கள், எத்தனை இரவு தங்குகிறீர்கள் என்பவையெல்லாம் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கின்றன. பயணச் செலவுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று விற்பனை நிபந்தனைகளிலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். நாம்தான் வாங்கும் அவசரத்தில் அந்தப் பக்கத்தைக் கடந்துவிடுகிறோம்.

2024 ஆகஸ்டில் வியன்னாவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். டெய்லர் ஸ்விஃப்டின் மூன்று நிகழ்ச்சிகள் 8ஆம் தேதி தொடங்க இருந்தன. தாக்குதல் சதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, 7ஆம் தேதி மாலை மூன்று நிகழ்ச்சிகளும் ரத்து என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். ஏறத்தாழ 1,95,000 பேர் வரவிருந்தார்கள். வெளிநாட்டினர் பலர் அதற்குள் வந்து இறங்கியிருந்தார்கள். பத்து வேலை நாட்களுக்குள் டிக்கெட் பணம் தானாகவே திரும்பும் என்று சொல்லப்பட்டது. விமானக் கட்டணத்தையும் அறை வாடகையையும் பற்றி எந்த அறிவிப்பும் இல்லை, இருக்கவும் முடியாது. ஸ்விஃப்டின் பாடல் ஒன்றின் தலைப்பை ஒத்த பெயருள்ள கொர்னேலியஸ்காஸே என்ற தெருவில் ரசிகர்கள் கூடிப் பாடினார்கள். தங்களுக்குள் மாற்றிக்கொள்வதற்காகக் கோத்துக் கொண்டுவந்திருந்த மணிவளையல்களை அங்கிருந்த மரத்தில் கட்டினார்கள். நகரத்தின் சில அருங்காட்சியகங்கள் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு இலவச அனுமதி தந்தன. ஆறுதலுக்கு அது போதும், கணக்குக்குப் போதாது.

ரத்தைவிட ஒத்திவைப்பு இன்னும் சிக்கலானது. ரத்தானால் பணமாவது கைக்கு வரும். ஒத்திவைத்தால் உங்கள் டிக்கெட் செல்லுபடியாகும், நீங்கள்தான் அந்த ஊரில் இருக்கமாட்டீர்கள். 2022 ஜனவரியில் லாஸ் வேகாஸில் பிரிட்டிஷ் பாடகி அடேல் தம் தொடர் நிகழ்ச்சிகளைத் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னதாக ஒத்திவைத்தார். மறுபடியும் தொடங்கியது அதே ஆண்டு நவம்பரில். 2023 நவம்பரில் ரியோ டி ஜெனீரோவில் கடும் வெப்பம் காரணமாக ஸ்விஃப்டின் ஒரு நிகழ்ச்சி, ரசிகர்கள் அரங்குக்குள் வந்து அமர்ந்த பிறகு தள்ளிவைக்கப்பட்டு, இரண்டு நாள் கழித்து நடந்தது. அதற்கு முந்தைய வாரம் புவனஸ் அய்ரஸில் புயல் காரணமாக ஒரு நிகழ்ச்சி இரண்டு நாள் தள்ளிப்போனது. இந்த இரண்டு இடங்களிலும், மறுநாள் காலை விமானத்தில் திரும்பவிருந்தவர்கள் இழந்தார்கள். மூன்று நாள் கூடுதலாகத் தங்கத் திட்டமிட்டவர்கள் பார்த்துவிட்டே திரும்பினார்கள்.

எனவே என் முதல் அறிவுரை இதுதான்: நிகழ்ச்சிக்கு ஒரு நாள் முன்பாவது போய்ச் சேருங்கள், முடிந்த பிறகு இரண்டு நாளாவது தங்குங்கள். தொடர்ச்சியாகப் பல நிகழ்ச்சிகள் நடக்கும் நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று தள்ளிப்போனாலும் மேடை அங்கேயே இருக்கும். அறையை இலவசமாக ரத்து செய்யும் வசதியுடன் பதிவு செய்யுங்கள். விமான டிக்கெட்டில் தேதி மாற்றும் வசதிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு ஆகாது.

பயணக் காப்பீட்டை நம்பி இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான காப்பீடுகள் உங்களுக்கு உடல்நலம் கெட்டாலோ, குடும்பத்தில் துயரம் நேர்ந்தாலோ, பெட்டி தொலைந்தாலோ பணம் தரும். பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் தராது, ஏனென்றால் உங்கள் பயணம் தடைப்படவில்லை, நீங்கள் போய்வர முடியும் என்பது அவர்கள் கட்சி. எந்தக் காரணத்துக்காகவும் பயணத்தைக் கைவிடலாம் என்ற வகைக் காப்பீடு சில நாடுகளில் கிடைக்கிறது. அதுவும் செலவில் ஒரு பகுதியைத்தான் திருப்பும். விமானத் தாமதத்தின் கதையும் இதுவே. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, விமான நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம்; தவறிப்போன கச்சேரிக்கென்று தனி விலை அந்த விதியில் கிடையாது.

கேள்வி: ஜப்பானிலும் கொரியாவிலும் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு வெளிநாட்டினர் டிக்கெட் வாங்கவே முடியாது என்கிறார்கள். அங்கே இருக்கும் நண்பர் தம் பெயரில் வாங்கித் தரலாமா?

பதில்: வாங்க முடியும்; ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி வழி. நண்பர் பெயரில் வாங்கும் யோசனையை இப்போதே கைவிடுங்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

ஜப்பானில் பெரிய நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகள் பெரும்பாலும் குலுக்கல் முறையில் விற்கப்படுகின்றன. குறிப்பிட்ட நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும், பெயர் விழுந்தால் பணம் கட்ட வேண்டும். முதல் சுற்று ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு, அடுத்த சுற்றுகள் மற்றவர்களுக்கு. முந்திக்கொண்டு சொடுக்கியவருக்கு என்ற ஓட்டப்பந்தயம் இல்லாததால் எனக்கு இந்த முறை நியாயமானதாகவே படுகிறது. வெளிநாட்டினருக்கு இடர் வேறிடத்தில் இருக்கிறது: பல தளங்கள் ஜப்பானியக் கைப்பேசி எண்ணுக்குத்தான் சரிபார்ப்புக் குறுஞ்செய்தி அனுப்பும். ஆகவே வெளிநாட்டு ரசிகர்களுக்கென்று அமைப்பாளர்களே தனியாக நடத்தும் விற்பனை உண்டா என்று முதலில் பாருங்கள். பெரிய கலைஞர்களுக்கு இப்போது பெரும்பாலும் இருக்கிறது. 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பெயர் குறிப்பிட்ட டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்வதைத் தொழிலாகக் கொள்வது அங்கே குற்றம். ஓராண்டு வரை சிறையோ, பத்து லட்சம் யென் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

கொரியாவில் முன்னணி டிக்கெட் நிறுவனங்கள் வெளிநாட்டினருக்கென்றே தனித் தளங்களை நடத்துகின்றன. ரசிகர் மன்றத்தில் சேர்ந்திருந்தால் முன்விற்பனையில் பங்கேற்கலாம். ஆனால் மன்றக் கணக்கிலும் டிக்கெட் தளத்திலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தகப்பனார் பெயரை முன்னால் எழுதுவதா பின்னால் எழுதுவதா, முதலெழுத்தாகச் சுருக்குவதா என்ற நம்முடைய பழைய குழப்பம் அங்கே உண்மையான தொல்லையாகிவிடும். உறுப்பினராகச் சேரும் நாளிலேயே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரை அடியுங்கள்.

நிகழ்ச்சி நாளன்று அரங்கத்துக்கு வெளியே ஒரு கூடாரத்தில் சரிபார்ப்பு நடக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள புகைப்படத்தையும் உங்கள் முகத்தையும் பார்த்து, பதிவு எண்ணை ஒப்பிட்டு, மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றி ஒட்டுவார்கள். கழற்றினாலோ கிழிந்தாலோ பெரும்பாலும் மாற்றுப் பட்டை தரமாட்டார்கள். நின்று பார்க்கும் பகுதியில் ஒவ்வொருவருக்கும் நுழைவு எண் உண்டு; அந்த எண்வரிசைப்படி முன்கூட்டியே நிற்க வைத்து உள்ளே விடுவார்கள். உங்கள் எண் கடந்துபோன பிறகு வந்தால், எவ்வளவு நல்ல எண்ணாக இருந்தாலும் வரிசையின் கடைசிக்குத்தான் போக வேண்டும். நண்பர் பெயரில் டிக்கெட் எடுத்தவரின் பயணம் அந்தக் கூடாரத்தோடு முடிந்துவிடும் என்பது இப்போது விளங்கும்.

கேள்வி: வெளிநாட்டில் டிக்கெட் மலிவு, பயணச் செலவையும் சேர்த்தால்கூட லாபம் என்று கேள்விப்பட்டேன். மறுவிற்பனைத் தளங்களில் வாங்கலாமா?

பதில்: சில நேரங்களில் உண்மைதான், முக்கியமாக அமெரிக்க ரசிகர்களுக்கு. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மறுவிற்பனை விலைக்கு உச்சவரம்பு இல்லை. ஐரோப்பாவின் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. 2024 மே மாதம் பாரிஸில் ஸ்விஃப்ட் நடத்திய நான்கு நிகழ்ச்சிகளின் டிக்கெட்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அமெரிக்கர்கள் வாங்கியிருந்ததாக அரங்க நிர்வாகம் மதிப்பிட்டது. அயர்லாந்தில் 2021ஆம் ஆண்டுச் சட்டம், இதற்கென்று குறிக்கப்பட்ட நிகழ்ச்சிகளின் டிக்கெட்டை அச்சிட்ட விலைக்கு மேல் விற்பதைத் தடை செய்கிறது. தைவானில் 2023இல் திருத்தப்பட்ட சட்டப்படி, கள்ளச்சந்தையில் விற்பவருக்கு டிக்கெட் விலையைப் போல் 10 முதல் 50 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

அதிகாரபூர்வ விற்பனையிலேயே விலை ஏறுவதும் உண்டு. 2024 ஆகஸ்ட் இறுதியில் பிரிட்டனின் ஒயாசிஸ் குழுவின் டிக்கெட் விற்பனை தொடங்கியபோது, மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்த பலர், 150 பவுண்டு அளவில் இருந்த நின்று பார்க்கும் டிக்கெட் 355 பவுண்டுக்கு ஏறியிருப்பதைக் கண்டு கொதித்தார்கள். ஆகவே வரிசையில் சேரும் முன்பே உங்கள் உச்சவரம்பை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரையில் நிமிடங்கள் குறைந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் நிதானம் வராது.

மறுவிற்பனையைப் பொறுத்தவரை, முதலில் விற்ற நிறுவனமே நடத்தும் மறுவிற்பனைப் பகுதியில் மட்டும் வாங்குங்கள். சமூக ஊடகத்தில் டிக்கெட்டின் படத்தைக் காட்டிப் பணம் கேட்பவரிடம் வாங்காதீர்கள். இப்போதைய மின்னணு டிக்கெட்டுகள் பலவற்றில் பட்டைக்குறி (பார்கோடு) சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அதன் படத்துக்கு வாசலில் எந்த மதிப்பும் இல்லை. பணம் செலுத்தும்போது உங்கள் நாட்டு நாணயத்திலா, அந்த நாட்டு நாணயத்திலா என்று கேட்டால் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். முன்னதில் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குப் பாதகமாக இருக்கும்.

கேள்வி: விசா விண்ணப்பத்தில் கச்சேரிக்குப் போகிறேன் என்று எழுதலாமா, சுற்றுலா என்று மட்டும் எழுதுவது பாதுகாப்பா?

பதில்: தாராளமாக எழுதலாம். பார்வையாளராகப் போவதற்குப் பொதுவாகச் சுற்றுலா விசாவே போதும். பாடவோ, வேலை செய்யவோ, விற்கவோ போனால்தான் வேறு விசா. நோக்கத்தை மறைத்துவிட்டு, குடிநுழைவு அதிகாரி கேட்கும்போது தடுமாறுவதுதான் சந்தேகத்தை உண்டாக்கும். ஆனால் கச்சேரி டிக்கெட்டைக் காட்டினால் விசா கிடைத்துவிடும் என்று எண்ணாதீர்கள். தங்குமிடம், திரும்பும் டிக்கெட், வங்கி இருப்பு, வேலைக்கோ படிப்புக்கோ திரும்பியாக வேண்டிய சான்று ஆகியவற்றைத்தான் அவர்கள் எடைபோடுவார்கள்.

காலக்கணக்கு முக்கியம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்யும் காப்பீடு கட்டாயம். கச்சேரி டிக்கெட்டுகளோ ஓராண்டுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிடுகின்றன. அதாவது, விசா கிடைக்குமா என்று தெரியாமலேயே டிக்கெட் வாங்கும் நிலை. விசா மறுக்கப்பட்டால் அமைப்பாளர் பணத்தைத் திருப்பமாட்டார் என்பதால், முறையான மறுவிற்பனை வசதி உள்ள டிக்கெட்டாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம். கோடை மாதங்களில் விண்ணப்ப மையங்களில் நாள் கிடைப்பதே கடினம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஊரிலுள்ள நண்பர்களுக்கெல்லாம் ரசிகர்கள் அரங்கில் அசைக்கும் ஒளிக்கோலும் சட்டையும் மொத்தமாக வாங்கிவந்தால் சுங்கத்துறை அதை வியாபாரச் சரக்காகக் கருதக்கூடும்.

கேள்வி: கச்சேரி அறிவிக்கப்பட்ட அன்றே அந்த நகரத்தின் ஹோட்டல் வாடகை பல மடங்கு ஏறிவிடுகிறதே, இது முறையா?

பதில்: முறையோ இல்லையோ, பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி தடையில்லை. 2023 மே மாதம் ஸ்டாக்ஹோமில் அமெரிக்கப் பாடகி பியான்சே தம் உலக இசைப்பயணத்தை இரண்டு நிகழ்ச்சிகளுடன் தொடங்கினார். அந்த மாதம் ஸ்வீடனின் பணவீக்கம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையாததற்கு ஹோட்டல் வாடகையும் ஒரு காரணம் என்றும், 0.2 சதவீதப் புள்ளி அந்த நிகழ்ச்சிகளால் வந்திருக்கலாம் என்றும் டான்ஸ்கே வங்கியின் பொருளாதார வல்லுநர் மதிப்பிட்டார். ஸ்வீடனின் நாணய மதிப்பு சரிந்திருந்ததால் வெளிநாட்டு ரசிகர்கள் பெருமளவில் வந்தார்கள்.

அதைவிட மோசமானது, பழைய விலைக்குப் பதிவு செய்தவரை ரத்து செய்துவிட்டுப் புதிய விலைக்கு விற்பது. 2022 அக்டோபரில் தென்கொரியாவின் பூசான் நகரில் அந்நாட்டின் பி.டி.எஸ். இசைக்குழு இலவச நிகழ்ச்சி நடத்தியபோது இத்தகைய புகார்கள் குவிந்தன. டிக்கெட் இலவசம், படுக்கைக்குத்தான் பணம்! இத்தகைய ரத்துகளுக்கு இடம் கொடாமலிருக்க, தேதி பற்றிய வதந்தி வரும்போதே ரத்து வசதியுடன் ஓர் அறையைப் பதிவு செய்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை அச்சிட்டு வைத்துக்கொள்வதும், அரங்கத்துக்கு அருகில் தேடாமல் ரயில் பாதையில் நாலைந்து நிலையம் தள்ளித் தேடுவதும் நடைமுறையில் பலன் தரும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: முதல்முறையாகப் போகிறேன். நிகழ்ச்சி நாளன்று எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முதலில் கைப்பேசி. டிக்கெட், வரைபடம், பணம், திரும்பும் வண்டி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஐம்பதாயிரம் பேர் கூடும் இடத்தில் இணையம் திணறும் என்பதால், முடிந்தால் அறையை விட்டுக் கிளம்பும் முன்பே டிக்கெட்டைக் கைப்பேசியின் பணப்பைச் செயலியில் சேமித்துவிடுங்கள். டிக்கெட் தளம் உங்கள் சொந்த நாட்டு எண்ணுக்குக் கடவுக்குறி (ஓ.டி.பி.) அனுப்பக்கூடும். அந்தச் சிம் அட்டையைக் கழற்றி ஊரில் வைத்துவிட்டு வந்தவர்கள் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். மின்கல வங்கியை (பவர் பேங்க்) விமானத்தில் கைப்பையில் மட்டுமே கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக்கூடாது. அரங்கங்கள் பல சிறிய பையையோ உள்ளே இருப்பது தெரியும் பையையோதான் அனுமதிக்கின்றன. அனுமதிக்கும் அளவு அரங்கத்தின் இணையதளத்தில் இருக்கும்.

அடுத்து உடம்பு. விமானத்தில் தூக்கம் கெட்டு, நேரமாற்றம் பழகாமல், சாப்பிடாமல் காலையிலிருந்து வரிசையில் நிற்பது வெளிநாட்டு ரசிகர்கள் வழக்கமாகச் செய்வது. 2023 நவம்பர் 17 அன்று ரியோவில் கடும் வெப்பத்தில் நடந்த நிகழ்ச்சியில் மயங்கி விழுந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர அங்கே தடை இருந்தது. அதன் பிறகு பிரேசில் அரசு, இத்தகைய நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் தண்ணீர் கொண்டுவர அனுமதிக்கவும், இலவசமாகத் தண்ணீர் வழங்கவும் உத்தரவிட்டது. முன்வரிசை இடத்துக்காகத் தண்ணீர் குடிக்காமல் நிற்பதைப் பெருமையாகப் பேசும் ரசிகர் வட்டாரங்களை நான் அறிவேன். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலைப்படி, நிகழ்ச்சி அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது. எல்லா அரங்கங்களும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. இசை கேட்பவர்களுக்கென்றே செய்த காதடைப்பான்கள் ஒலியைச் சிதைக்காமல் அளவை மட்டும் குறைக்கின்றன. பாடல் வரிகள் அப்போதுதான் தெளிவாகக் கேட்கின்றன என்று பலர் சொல்வார்கள். கூட்டம் நெருக்கத் தொடங்கினால், கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். இரு கைகளையும் மார்புக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அலை தணியும்போது குறுக்காக ஓரம் நோக்கி நகருங்கள்.

கேள்வி: ஒரு மாலை இசைக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் தீங்கு என்று என் தோழி கடிந்துகொண்டாள். அவள் சொல்வது சரியா?

பதில்: சரிதான். பிரிட்டனின் மாசிவ் அட்டாக் இசைக்குழு கேட்டுக்கொண்டதன்பேரில் பருவநிலை மாற்றத்தை ஆராயும் டின்டால் ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, இசை நிகழ்ச்சிகளின் கரிம வெளியேற்றத்தைக் குறைக்கப் பார்வையாளர்களின் பயணத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று வலியுறுத்தியது. கோல்ட்பிளே இசைக்குழு தன் நேரடி வெளியேற்றத்தை முந்தைய இசைப்பயணத்தைவிட 59 சதவீதம் குறைத்துவிட்டதாக 2024இல் அறிவித்தது. பாராட்ட வேண்டியதுதான், ஆனால் மேடை, சரக்கு, குழுவினர் பயணம் சார்ந்த அந்தக் கணக்கில் ரசிகர்கள் பறந்து வருவது அடங்காது.

முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன ஏற்பாட்டை இங்கே மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். 2024 ஆகஸ்டில் அடேல், தமக்கென்றே எழுப்பிய தற்காலிக அரங்கில் மியூனிக் நகரில் பத்து நிகழ்ச்சிகள் நடத்தினார். ஏழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். மேடை ஓரடியும் நகரவில்லை, ரசிகர்கள்தான் நகர்ந்தார்கள். அமைப்பாளரின் கணக்கில் இது சிக்கனம். காற்றின் கணக்கில் எதிர்மாறு. தோழியைச் சமாதானப்படுத்த உங்களால் செய்யக்கூடியவை சில உண்டு: ரயிலில் போகக்கூடிய நகரம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது, ஏற்கெனவே போகவிருந்த விடுமுறையோடு கச்சேரியைச் சேர்ப்பது, ஒரே இசைப்பயணத்தை மூன்று நாடுகளில் துரத்தாமலிருப்பது. மரம் நடுவதற்கு விமான நிறுவனம் கேட்கும் சில்லறைத் தொகையைக் கட்டிவிட்டு, பாவம் கழிந்தது என்று சொல்வதை உங்கள் தோழி ஏற்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: என் 16 வயது மகள் தோழிகளுடன் வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போக அனுமதி கேட்கிறாள். பெற்றோர் இல்லாமல் அனுப்பலாமா?

பதில்: அனுமதிப்பது உங்கள் முடிவு; அதற்கு முன் அவர்களை உள்ளே விடுவார்களா என்று பாருங்கள். வயது வரம்பு அரங்கத்துக்கு அரங்கம், சில சமயம் ஒரே அரங்கத்தில் பகுதிக்குப் பகுதி மாறும். நின்று பார்க்கும் பகுதியில் சிறியவர்களை விடாத அரங்கங்களும், 16 வயதுக்குக் கீழுள்ளவர் பெரியவர் ஒருவருடன் வர வேண்டும் என்று கேட்கும் அரங்கங்களும் உண்டு. 18 வயது நிரம்பாதவர்களுக்குத் தனியாக அறை கொடுக்காத ஹோட்டல்கள் ஏராளம். எல்லையைத் தனியாகக் கடக்கும் சிறாரிடம் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தைப் பல நாடுகளில் கேட்பார்கள். நோட்டரி சான்றுடன், பயணத் தேதிகளும் தங்கும் முகவரியும் உங்கள் தொலைபேசி எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

நானாக இருந்தால் நீங்களும் கூடப் போங்கள் என்பேன். அரங்குக்குள் பக்கத்தில் உட்கார வேண்டும் என்ற அவசியமில்லை; அவர்களுக்கு நடுப்பகுதியிலும் உங்களுக்கு மேல்மாடத்திலும் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். நிகழ்ச்சி முடிந்ததும் சந்திக்க வேண்டிய வாசலின் எண்ணை முன்கூட்டியே பேசி, காகிதத்தில் எழுதி ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.